பலகாரம் சொன்னீர்கள், பெட்டியையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர் பிறந்ததும் தங்கள் ஞாயிறு இணைப்பில் கிறிஸ்துமஸ் பலகாரக் குறிப்புகள் வரத் தொடங்கிவிடும். இந்த ஆண்டும் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கலகலா, பிளம் கேக் என்று ஒவ்வொன்றாக வந்தன. அளவுகள் சரியாக இருந்தன, படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் செய்த பலகாரத்தை எதில் வைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது என்று எந்தக் குறிப்பிலும் ஒரு வரி இல்லை. கிறிஸ்துமஸ் பலகாரத்தில் வீட்டுக்கு என்று எடுத்து வைப்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் அக்கம்பக்கத்துக்கும், சொந்தக்காரர்களுக்கும், பிள்ளைகளின் டீச்சர்களுக்கும், பால்காரருக்கும் கொடுப்பதற்காகச் செய்வதுதான். அப்படியிருக்க, கொடுக்கிற பெட்டியும் அந்தச் சமையல் குறிப்பைச் சேர்ந்தது என்றே நான் நினைக்கிறேன். அந்தப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, வீட்டில் கிடக்கும் தாளிலேயே அழகாகச் செய்யலாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பிறந்தது சிவகாசியில். கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்தவள். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள் என்பதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். தீப்பெட்டி வந்தது, தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக அச்சகம் வந்தது. அப்புறம் காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று ஊரே தாளும் மையுமாகிவிட்டது. என் சிறு வயதில் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார்கள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் கூட உட்கார்ந்து ஒட்டினார்கள். அது நடந்திருக்கக் கூடாத காரியம், இப்போது அந்த நிலை மாறியதில் எனக்குப் பெரிய நிம்மதி. நானும் அம்மாவோடு ஒட்டியிருக்கிறேன். வளர்ந்த பிறகு ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். அதனால் தாளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் கையால் பழகித் தெரிந்துகொண்டது.

நாகர்கோவிலுக்கு வந்த புதிதில் இங்கே பலகாரம் எப்படிப் போய் வந்தது என்று பார்த்தேன். எவர்சில்வர் தட்டில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் அடுக்கி, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடி, பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். தீபாவளிக்கு அடுத்த வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்த தட்டுதான் டிசம்பரில் இங்கிருந்து அங்கே போகும். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் கொஞ்சம் சீனியோ இரண்டு பழமோ வைத்துத்தான் கொடுப்பார்கள். "வெறும் பாத்திரம் அனுப்பப்பிடாது மக்களே" என்று என் மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

அந்தத் தட்டு வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றும் எங்கள் தெருவில் மூன்று நான்கு வீடுகளுக்குத் தட்டில்தான் கொடுக்கிறேன். ஆனால் மகள் சென்னையில் இருக்கிறாள், நாத்தனார் குடும்பம் கோயம்புத்தூரில். ராத்திரி பஸ்ஸில் போகிறவர் கையில் தட்டைக் கொடுத்து அனுப்ப முடியாது. போனால் திரும்பி வராத ஒரு பாத்திரம் வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கு ஓலைப்பெட்டி இருந்தது. கருப்பட்டியும் பனங்கற்கண்டும் பலகாரமும் எல்லாம் பனையோலைப் பெட்டியில்தான் ஊர் விட்டு ஊர் போயின. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் பெண்கள் இன்னும் பனையோலைப் பொருட்கள் முடைகிறார்கள். ஓலைப்பெட்டி கிடைக்கிறவர்கள் அதையே வாங்குங்கள், அதற்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். கிடைக்காதவர்களுக்காகத்தான் காகிதப் பெட்டி.

இப்போது பெரும்பாலும் நடப்பது என்ன? கடையில் பளபளப்பான அட்டைப் பெட்டி வாங்குகிறோம். உள்ளே பிளாஸ்டிக் தட்டு, வெளியே இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் படலம், அதன் மேல் பிளாஸ்டிக் ரிப்பன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடையில், இனிப்புப் பெட்டிகளைச் சுற்றும் படலம் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். மஞ்சப்பையை மறுபடி கையில் எடுக்கச் சொல்லி அரசே இயக்கம் நடத்துகிறது. இவ்வளவும் இருந்தும் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் எங்கள் தெருக் குப்பைத் தொட்டியில் அந்தப் படலமும் ரிப்பனும்தான் பொங்கி வழிகின்றன. பண்டிகைக்கு மறுநாள் அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

இதற்கு மாற்று நம் சுவரிலேயே தொங்குகிறது. மாதக் காலண்டர். ஜனவரி முதல் நவம்பர் வரைக்கும் உள்ள தாள்கள் டிசம்பரில் வேலை முடிந்து நிற்கின்றன. நல்ல கனமான ஆர்ட் பேப்பர், ஒரு பக்கம் பூவோ மலையோ அருவியோ வண்ணத்தில் அச்சாகியிருக்கும், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். பலகாரம் செய்கிற மாதத்திலேயே பெட்டிக்கான தாளும் கையில் கிடைப்பதை விட என்ன வசதி வேண்டும்? அதோடு கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடை வருகிற அட்டையில் எல்லாம் இப்போது பத்திரிகை அடிக்கிறார்கள். நாம் ஜெராக்ஸ் எடுக்கிற தாள் அதே அளவுக்கு 75 கிராம்தான் இருக்கும் என்றால் அந்த அட்டையின் கனம் புரியும். கல்யாணம் முடிந்ததும் அதை எடைக்குப் போடுகிறோம்.

தாளைத் தேர்ந்தெடுப்பதில் சில விஷயங்களை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

உணவு படுகிற பக்கம் அச்சு இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் அச்சடித்த காலண்டர் தாள் வேண்டாம். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். உங்கள் பத்திரிகையாக இருந்தாலும் வேண்டாம் என்று மரியாதையோடு சொல்கிறேன். அச்சு மை எண்ணெய்ப் பலகாரத்தில் எளிதாக இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பொதி விதிமுறைகளிலேயே செய்தித்தாளில் உணவு மடிக்கக் கூடாது என்று இருக்கிறது. தேதி கிழிக்கிற தினசரிக் காலண்டர் தாளுக்கும் இதே நியாயம்தான், அதில் வடை மடிக்கிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். வெள்ளைப் பின்பக்கம் என்றாலும்கூட நான் அதன் மேல் நேரடியாகப் பலகாரத்தை வைக்க மாட்டேன். காலண்டர்கள் அச்சாகி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன, ஒரு தாளின் முகத்து மை அடுத்த தாளின் முதுகில் லேசாக ஒட்டியிருக்கும். அச்சகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். அதனால் உள்ளே கட்டாயம் பட்டர் பேப்பர் விரிக்க வேண்டும், அடியில் மட்டும் போதாது, நான்கு பக்கச் சுவர்களையும் மறைத்து மேலே மடிந்து மூடுகிற அளவுக்கு.

பசை விஷயம் இன்னும் முக்கியம். பைண்டிங்கில் மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். புத்தகத்துக்கு அது சரி. பலகாரப் பெட்டிக்கு அது ஆகவே ஆகாது, துத்தம் விஷம். வீட்டில் காய்ச்சுங்கள்: இரண்டு கரண்டி மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கிண்டினால் போதும். அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். ஒட்டிய பெட்டி ஒரு ராத்திரி முழுக்கக் காய வேண்டும். ஈரப் பசையில் பலகாரத்தை வைத்தால் அச்சு முறுக்கு நமுத்துப்போகும்.

ஆனால் பசையே இல்லாத பெட்டி ஒன்று உண்டு. அதைத்தான் நான் முதலில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பது. ஜப்பானியர்களின் காகித மடிப்புக் கலையில் உள்ள சதுரப் பெட்டி அது, அரிசி அளக்கிற மரப்படியின் வடிவம். ஒரே ஒரு சதுரத் தாள் போதும்.

12 அங்குலச் சதுரமாகத் தாளை வெட்டுங்கள். அச்சுப் பக்கம் தரையைப் பார்த்து இருக்கட்டும். மூலைக்கு மூலை இரண்டு முறை மடித்துப் பிரித்தால் நடுவில் ஒரு புள்ளி கிடைக்கும். நான்கு மூலைகளையும் அந்த நடுப்புள்ளிக்குக் கொண்டு வந்து மடியுங்கள். இப்போது ஒரு சின்னச் சதுரம் வந்திருக்கும். அதன் எதிரெதிர் ஓரங்களை நடுக்கோட்டுக்குக் கொண்டு வந்து மடித்து, பிரித்து, மற்ற இரண்டு ஓரங்களுக்கும் அதே போலச் செய்யுங்கள். அப்புறம் எதிரெதிராக உள்ள இரண்டு மூலைகளை மட்டும் முழுதாகப் பிரித்து நீட்டுங்கள். பிரிக்காத இரண்டு பக்கங்களையும் செங்குத்தாகத் தூக்கினால் இரண்டு சுவர் எழும். நீட்டிய மூலையைத் தூக்கும்போது அதன் இரண்டு பக்கத் தாளும் தானாகவே உள்ளே மடங்கும். அதைச் சுவர் மேல் போட்டு உள்ளே இறக்கினால் மூலை முனை பெட்டியின் நடுவில் வந்து உட்காரும். மறுபக்கமும் அதே போல. நாலேகால் அங்குலச் சதுரமும் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் உயரமும் உள்ள பெட்டி தயார். எந்த அளவுத் தாளை எடுத்தாலும் உயரம் அகலத்தில் சரிபாதிதான் வரும், அந்தக் கணக்கு மாறாது.

இது மூடி. அடிப்பெட்டிக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் குறைத்து, 11 அங்குலம் 6 நூல் சதுரமாக வெட்டி இதையே திரும்பச் செய்யுங்கள். இதற்கு மட்டும் அச்சுப் பக்கம் மேலே பார்த்து இருக்கட்டும், அப்போதுதான் மடித்த பிறகு உள்பக்கம் வெள்ளையாக வரும். மூடி இறுக்கமாகவும் இருக்காது, கழன்றும் விழாது. மெல்லிய தாளென்றால் ஒரு நூல் குறைத்தாலே போதும். தச்சர் கணக்கில் எட்டு நூல் ஒரு அங்குலம் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இது நல்ல சந்தர்ப்பம்.

மரத்துக்கு இருப்பது போலத் தாளுக்கும் நார் ஓட்டம் உண்டு. தாளின் ஓரத்தில் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழிந்தால் நார் அந்தப் பக்கமாக ஓடுகிறது, கோணலாகப் போனால் குறுக்காக ஓடுகிறது. நாரோடு சேர்ந்த மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கு மடிப்பில் வண்ணம் வெடித்து வெள்ளை தெரியும். வார்னிஷ் அடித்த காலண்டரிலும் பத்திரிகை அட்டையிலும் இது அதிகம். மடிக்கும் முன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு முறை அழுத்திக் கோடு இழுத்தால் வெடிப்பு வராது. அச்சகத்தில் கிரீசிங் மெஷின் செய்கிற வேலையும் இதுதான். விரல் நகத்தால் மடிப்பைத் தேய்க்காதீர்கள், பளபளப்பில் கீறல் விழும். ஒரு மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தால் அழகாக இருக்கும்.

இந்தச் சதுரப் பெட்டி அச்சு முறுக்குக்கு என்றே அளவெடுத்தது போல அமையும். ஐந்தாறு அச்சு முறுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும், ஒடியாது. அச்சு முறுக்கு ஒடியாமல் போய்ச் சேருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று செய்தவர்களுக்குத் தெரியும். தேங்காய்ப் பாலில் மாவு கரைத்து, அச்சை எண்ணெயில் காயவைத்து, முக்கால் அச்சு மட்டும் மாவில் முங்கும்படி பிடித்து, உதறி உதறி எடுத்த பூ அது. பிளாஸ்டிக் கவரில் போட்டால் பாதி வழியிலேயே தூளாகிவிடுகிறது.

முந்திரிக்கொத்துக்கு வேறு பெட்டி வேண்டும். வறுத்த சிறுபயறும் தேங்காயும் எள்ளும் பாகில் உருட்டி, மாவில் தோய்த்து மூன்று மூன்றாகச் சேர்த்துப் பொரித்தது. கனமானது, எண்ணெயும் கசியும். மாதக் காலண்டர் தாள் அந்தக் கனத்தைத் தாங்காது. இதற்குக் கல்யாணப் பத்திரிகை அட்டைதான் சரி. வடிவம் நான் சிறு வயதில் ஒட்டியதேதான்: உள்ளே ஒரு தட்டுப் பெட்டி, வெளியே அதைச் சுற்றி ஒரு உறை, இழுத்துத் திறக்கலாம். 9 அங்குல நீளம் 7 அங்குல அகலத்தில் அட்டையை வெட்டி, நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளிக் கோடு இழுத்து, நான்கு மூலைகளிலும் கோடு வரைக்கும் ஒரு வெட்டு வெட்டி, மடித்து ஒட்டினால் 6க்கு 4 அங்குலத் தட்டு வரும். உறைக்கு 6 அங்குல அகலத்தில் 11 அங்குலம் 6 நூல் நீளம் வேண்டும். சுற்றளவு 11 அங்குலம், ஒட்டுக்கு அரை அங்குலம், தளர்வுக்கு இரண்டு நூல். அந்தத் தளர்வை விட்டுவிட்டால் உறை தட்டில் ஏறாது. ஒரு பத்திரிகை அட்டை போதவில்லை என்றால் இரண்டை அரை அங்குலம் மேலேற்றி ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டு அடிப்பக்கம் வருமாறு பார்த்துக்கொண்டால் வெளியே தெரியாது. கால் கிலோ முந்திரிக்கொத்து தாராளமாகப் பிடிக்கும்.

தூத்துக்குடி மக்ரூன் வைக்கவும் இதையே கொஞ்சம் உயரமாகச் செய்யலாம். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் மட்டும் சேர்ந்தது, காற்றில் ஈரம் பட்டால் பிசுபிசுத்துவிடும். அதற்குக் காகிதப் பெட்டி மட்டும் போதாது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். சின்ன டப்பாவில் இறுக்கி மூடி, டப்பாவையே பெட்டிக்குள் வையுங்கள். பிளம் கேக்குக்கு பட்டர் பேப்பரை இரண்டு சுற்றாகச் சுற்றினால் போதும்.

எதை வைத்தாலும் நன்றாக ஆறிய பிறகு வையுங்கள். குமரி மாவட்டத்தில் டிசம்பரில் வடகிழக்கு மழை முழுதாக விட்டிருக்காது, காற்றில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்து, பலகாரமும் நமுத்து, பெட்டியும் தளர்ந்துவிடும். பொரித்ததை அச்சில்லாத தாளில் பரப்பி எண்ணெய் இறங்க விட்டு, மறுநாள் காலையில்தான் நான் பெட்டியில் அடுக்குவேன்.

இனி அலங்காரம். பெட்டியின் அழகு பாதி தாளிலேயே இருக்கிறது. காலண்டர் படத்தின் எந்தப் பகுதி மூடியின் நடுவில் வர வேண்டும் என்று பார்த்துச் சதுரத்தை வெட்ட வேண்டும். மடித்த பிறகு தாளின் நடுப்பகுதிதான் மூடியின் முகமாக வரும். ஒரு தாமரை, ஒரு பறவை, ஒரு ஜன்னல் நடுவில் அமைந்துவிட்டால் வேறெதுவும் வேண்டாம். சாமி படம் உள்ள தாள்களை அக்கம்பக்கத்தார் என்னிடம் கொடுப்பார்கள். எந்தச் சாமியாக இருந்தாலும் முகத்தில் கத்தரிக்கோல் வைக்க மாட்டேன், மடிப்பும் போட மாட்டேன். படத்தைத் தனியாக எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, சுற்றியுள்ள பூ வேலைப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வேன். காலில் தாள் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் இது. இந்த அளவு கவனம் எல்லோருக்கும் பிடிக்கும்.

ஜிகினாத் தூள் வேண்டாம், உதிர்ந்து பலகாரத்தில் விழும். பிளாஸ்டிக் ரிப்பனுக்குப் பதில் பூக்கட்டும் வாழைநார் இருக்கிறது. நனைத்துக் கட்டினால் வளையும், காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். நிறம் வேண்டுமென்றால் பாவாடைத் துணியின் ஓரத்தில் வெட்டிய நாடா. வெட்டி மீந்த துண்டுத் தாள்களை எட்டாக மடித்துக் கத்தரித்தால் நட்சத்திரம் கிடைக்கும். வாசலில் பெரிய காகித நட்சத்திரம் தொங்கவிட்டிருக்கும் வீட்டிலிருந்து போகிற பெட்டியின் மேல் ஒரு குட்டி நட்சத்திரம் இருந்தால் பிள்ளைகளுக்கு ஆனந்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை எறிவதில்லை, ஆணியில் குத்தி வைப்போம். யாருக்குப் பெட்டி போகிறதோ அவர்களுடைய பிறந்த நாளோ கல்யாண நாளோ பார்த்து, அந்தத் தேதித் தாளை எடுத்து மூடியின் மேல் ஒட்டிவிடுவேன். வெளிப்பக்கம்தானே, மை படுகிற கவலை இல்லை. நல்ல நேரமும் ராகு காலமும் அன்றைக்கான வசனமும் எல்லாம் அதில் இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்குப் பிள்ளை பிறந்த தேதியை அப்படி ஒட்டிக் கொடுத்தேன். பலகாரம் தீர்ந்து வெகுநாளாகியும் அந்தப் பெட்டியில் குழந்தையின் கொலுசை வைத்திருக்கிறார்கள். கடைப் பெட்டியில் யாருடைய பேரும் இருக்காது, யாருடைய நாளும் இருக்காது.

பழைய தாளில் செய்தால் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்களா என்று எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் சிலர் கேட்டார்கள். நான் அதைக் கொஞ்சமும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவருக்காக உட்கார்ந்து அளந்து, வெட்டி, மடித்துக் கொடுப்பதை விடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? நேரம் எங்கே இருக்கிறது என்கிற கேள்விதான் நியாயமானது. வேலைக்குப் போகிற பெண்கள் பலகாரம் செய்வதே பெரும்பாடு. அதனால்தான் பெட்டி வேலையைப் பிள்ளைகளிடமும் ஆண்களிடமும் கொடுங்கள் என்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி விடுமுறை விடுவதும் கிறிஸ்துமஸும் சேர்ந்துதான் வருகின்றன. அடுப்புப் பக்கம் விட முடியாத எட்டு வயதுப் பிள்ளை சதுரப் பெட்டியை ஒழுங்காக மடிக்கும். கண் சரியாகத் தெரியாத என் சித்தப்பா விரலால் தடவியே மடிக்கிறார், மடிப்பு மாறுவதில்லை.

டிசம்பரில் ஆர்டர் எடுத்துப் பலகாரம் விற்கிற சகோதரிகளுக்கு மட்டும் நான் சொன்னது பொருந்தாது. விற்பனைக்குப் பழைய காலண்டர் கூடாது. உணவுக்கென்று உள்ள புது அட்டையும், தயாரித்த தேதியும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும். அங்கேயும் பிளாஸ்டிக் படலம் சுற்றாமல் காகிதப் பட்டி ஒன்று சுற்றி ஒட்டலாமே. கரூர் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறார்கள். பலகாரத்துக்குச் சர்க்கரை கொடுத்த கரும்பே பெட்டிக்குத் தாளும் கொடுக்கிறது என்று நினைக்கையில் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த டிசம்பரில் பலகாரக் குறிப்புகள் வரும் இணைப்பில், ஒரு முழுப் பக்கத்துக்கு அந்த இழுப்புப் பெட்டியின் வெட்டுக்கோடும் மடிப்புக்கோடும் உண்மையான அளவிலேயே அச்சிடுங்கள். வாசகர்கள் அதை அட்டை மேல் வைத்து ஊசியால் குத்திப் புள்ளி எடுத்துக்கொள்வார்கள். அளவு பார்க்கத் தெரியாதவர்களும் செய்துவிடலாம். அதன் மேலேயே 'இந்தச் செய்தித்தாளில் உணவை வைக்க வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் ஒரு வரி போட வேண்டும்.

இன்னொன்று என் பிறந்த ஊர் அச்சக முதலாளிகளுக்கு. தங்கள் பத்திரிகையை அங்கே எல்லோரும் படிக்கிறார்கள் என்பதால் இதன் வழியாகவே கேட்கிறேன். மாதக் காலண்டர் தாளின் நான்கு ஓரங்களிலும், 12 அங்குலச் சதுரம் எங்கே வெட்ட வேண்டும், நடு எங்கே வரும் என்று காட்டும் சின்னக் குறிகளை மட்டும் அச்சிட்டுக் கொடுங்கள். பின்பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும், உள்ளே மை வேண்டாம். படத்தின் முக்கியப் பகுதி அந்தச் சதுரத்தின் நடுவில் அமையும்படி ஓவியரிடம் சொல்லிவிட்டால், மாதம் முடிந்ததும் ஒவ்வொரு தாளும் ஒரு பெட்டியாகும். இதற்கு மெஷினில் கூடுதல் ஓட்டம் எதுவும் தேவையில்லை, பிளேட் போடும்போதே சேர்த்துவிடலாம். புது ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்று வெளியாகும். அதற்கான டிசைன் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும் என்பதால்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
நாகர்கோவில்.